தோட்டாக்களை எண்ணுகிறவர்கள்

பிரபலமான ஒருவர் சுடப்பட்டார் என்ற செய்தி வந்தவுடன் தமிழ்நாட்டில் இரண்டு விசாரணைகள் தொடங்கிவிடுகின்றன. ஒன்று காவல்துறையுடையது. அது மெதுவாக நடக்கும். பல சமயங்களில் மோசமாகவும் நடக்கும். மற்றது தேநீர்க்கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும், நம்மைப் போன்ற சிற்றிதழ் வாசகர்கள் கூடுகிற இடங்களிலும் நடப்பது. இந்த இரண்டாம் விசாரணைக்குப் பிரேதப் பரிசோதனை அறிக்கை தேவையில்லை, துப்பாக்கியும் தேவையில்லை. எத்தனை குண்டு, எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு தூரத்தில், முதலில் சுட்டது யார் என்ற நான்கு கேள்விகளுக்கும் அன்று இருட்டுவதற்குள் விடை கிடைத்துவிடும். இதை வெறும் வம்பு என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இதுவே மக்கள் நீதிமன்றம் என்று கொண்டாடுகிறவர்களோடும் இல்லை.

நமக்கு மிக நெருங்கிய உதாரணம் 1967 ஜனவரி 12ஆம் தேதி ராமாவரம் தோட்டத்தில் நடந்தது. எம்.ஆர்.ராதாவும் தயாரிப்பாளர் வாசுவும் எம்.ஜி.ஆரைப் பார்க்கப் போகிறார்கள். பேச்சின் நடுவே துப்பாக்கி வெடிக்கிறது. எம்.ஜி.ஆருக்கு இடது காதருகே காயம். குண்டு கழுத்தில் தங்கிவிடுகிறது. ராதாவின் உடலிலும் குண்டுக்காயங்கள். இருவரும் முதலில் ராயப்பேட்டை மருத்துவமனைக்கும் பிறகு சென்னை அரசுப் பொது மருத்துவமனைக்கும் கொண்டுசெல்லப்படுகிறார்கள். பிப்ரவரியில் பொதுத்தேர்தல். கழுத்தில் கட்டுப்போட்ட எம்.ஜி.ஆரின் படம் சுவர்களில் ஒட்டப்படுகிறது. பிரச்சாரத்துக்கே போகாமல் அவர் பரங்கிமலைத் தொகுதியில் வெல்கிறார், தி.மு.க. ஆட்சியைப் பிடிக்கிறது, மார்ச்சில் அண்ணா முதலமைச்சராகிறார். செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றம் ராதாவுக்கு ஏழாண்டுக் கடுங்காவல் விதித்தது நவம்பர் மாதத்தில்தான். பின்னர் மேல்முறையீட்டில் அந்தத் தண்டனை குறைக்கப்பட்டது.

இந்தத் தேதிகளின் வரிசையைக் கவனியுங்கள். ஜனவரியில் குண்டு, பிப்ரவரியில் வாக்கு, நவம்பரில் தீர்ப்பு. நீதிபதி சாட்சியங்களைக் கேட்டு முடிப்பதற்குப் பல மாதங்கள் முன்பே மக்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பு, நீதிமன்றம் பின்னால் வந்துசேர்ந்த முடிவோடு ஒத்துப்போனது என்பது தற்செயல். ஒத்துப்போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கச் சற்று அச்சமாகவே இருக்கிறது.

ராதா பெரியாரின் தொண்டர். திராவிடர் கழகம் அந்தத் தேர்தலில் காங்கிரஸை ஆதரித்தது. எனவே 'யார் முதலில் சுட்டது' என்ற கேள்வி முதல் நாளிலிருந்தே கட்சிக் கேள்வியாகிவிட்டது. ராதா தரப்பு வாதம், துப்பாக்கி முதலில் ராதாவை நோக்கித்தான் திரும்பியது என்று குற்றத்தை எதிர்த்திசையில் திருப்பியது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆனால் நீதிமன்றம் ஏற்காத வாதங்கள் நம் ஊர்களில் சாவதில்லை. விருத்தாசலத்தை அடுத்த எங்கள் நல்லூரில் எண்பதுகளில்கூட முடிதிருத்தும் கடையில் இந்த வழக்கு நடந்துகொண்டிருந்தது. எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த காலம் அது. ராதா 1979இலேயே காலமாகிவிட்டார். இருந்தும் கடையில் ஒரு நாற்காலி வாதித் தரப்பு, மறு நாற்காலி பிரதித் தரப்பு. பழைய தோட்டா, அதனால்தான் வேகமில்லை, அதனால்தான் பிழைத்தார் என்பார் ஒருவர். காதருகே சுட்டால் யாராவது பிழைப்பார்களா, இதில் வேறு ஏதோ இருக்கிறது என்பார் இன்னொருவர். இந்த வழக்கை வைத்துச் சுதாங்கன் 'சுட்டாச்சு சுட்டாச்சு' என்று ஒரு நூலே எழுதினார். அந்த நூலைப் படித்தவர்களைவிட, படிக்காமலே அதைவிட விரிவாகச் சொல்லக்கூடியவர்கள்தான் எங்கள் பக்கத்தில் அதிகம்.

மக்கள் இந்த வழக்கில் உண்மையில் எதைத் தடயமாகக் கொண்டார்கள்? மருத்துவ அறிக்கையை அல்ல, குரலை. அந்த ஆண்டு வெளியான 'காவல்காரன்' படத்தில் எம்.ஜி.ஆரின் குரல் மாறியிருந்ததைத் திரையரங்கில் கேட்டவர்களுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் ஒவ்வொரு மேடையிலும் அந்தக் குரலே வழக்கைத் திரும்பத் திரும்ப நடத்திக்கொண்டிருந்தது. இன்னொன்றும் உண்டு. பல படங்களில் ஒருவர் நாயகன், மற்றவர் வில்லன். 1966 இறுதியில் வந்த 'பெற்றால்தான் பிள்ளையா' படத்திலும் இருவரும் நடித்திருந்தார்கள். திரையில் பார்த்துப் பழகிய ஒரு காட்சி வீட்டுக் கூடத்தில் நடந்தேறியபோது, அதில் புதிதாகத் தெரிந்துகொள்ள ஏதுமில்லை என்று ரசிகருக்குத் தோன்றியதில் வியப்பில்லை. வில்லன் நாயகனைச் சுடுகிறான், நாயகன் சாவதில்லை. ராதாவின் ஆதரவாளர்களும் இதே கதையின் தலைகீழ் வடிவத்தைத்தான் சொன்னார்கள். திரையில் வில்லனாக வருபவர் நிஜத்தில் நல்லவர், நாயகனாக வருபவர்தான் வேறு மாதிரி என்பது அவர்கள் கதை. இரண்டுமே கதைகள். தோட்டா அந்தக் கதைகளில் ஒரு நடிப்புச் சாமான், அவ்வளவே.

சரி, தோட்டா தானாக என்ன சொல்லும்? துப்பாக்கிக் குழலின் உட்புறத்தில் திருகுமரைபோல் வரிப்பள்ளங்கள் இருக்கின்றன. குண்டு அவற்றில் உரசிக்கொண்டு சுழன்று வெளியேறும்போது அதன் உடலில் கீறல்கள் விழுகின்றன. தோட்டாக்கூட்டின் அடியில் சுடுமுள் குத்திய தடம் பதிகிறது. சம்பவ இடத்தில் எடுத்த குண்டையும் அதே துப்பாக்கியால் சோதனைக்காகச் சுட்ட குண்டையும் ஒப்பீட்டு நுண்ணோக்கியில் அருகருகே வைத்துப் பார்க்கும் முறை 1920களில் அமெரிக்காவில் கால்வின் கோடார்டு முதலியோரால் நிலைபெற்றது. காயத்தைச் சுற்றிய கரியும், வெடிமருந்துத் துகள்கள் தோலில் குத்திய புள்ளிகளும் சுட்ட தூரத்தைத் தோராயமாகச் சொல்லும். துப்பாக்கி தோலைத் தொட்டபடி வெடித்ததா, கையெட்டும் தூரத்திலா, அதற்கும் அப்பாலிருந்தா என்று பிரிக்க முடியும். ரிவால்வராக இருந்தால் காலித் தோட்டாக்கூடுகள் வெளியே தெறிக்காமல் சுழல்அறையிலேயே கிடக்கும். யாரும் கைவைக்காத வரையில் எத்தனை முறை வெடித்தது என்று எண்ணிவிடலாம்.

ஆனால் குண்டுக்குக் கடிகாரம் கிடையாது. இந்தக் குண்டு இந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது என்று அது சொல்லும். இருவர் காயப்பட்டுக் கிடக்கும் அறையில் எது முன், எது பின் என்பதை அதனால் சொல்ல முடியாது. அதற்கு அறையிலிருந்த மூன்றாவது மனிதரின் வாய்ச்சொல் வேண்டும். ராதா வழக்கில் அந்த மனிதர் வாசு. ஆகவே ஐம்பதாண்டுகளுக்கும் மேலாக நம்மவர்கள் தோட்டாவிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, தோட்டா விடைசொல்லக்கூடிய கேள்வியே அல்ல. சாட்சியை நம்புவதா வேண்டாமா என்ற மனிதக் கேள்வியை விஞ்ஞானக் கேள்விபோல் உடுத்திக்கொண்டு பேசினோம். பழைய தோட்டா என்ற விளக்கத்தில் பௌதிக நியாயம் இல்லாமல் இல்லை. ஈரம் ஏறிய வெடிமருந்தும், கூட்டின் பிடி தளர்ந்த குண்டும் வேகம் இழக்கும். ஆனால் வேகக்குறைவு யார் விரல் விசையில் இருந்தது என்பதைச் சொல்லாது.

எங்கள் பகுதிக்காரர்களுக்கு இது புரியாத விஷயமாக இருக்க நியாயமில்லை. விருத்தாசலம் பீங்கான் ஊர். உடைந்த சாமானைக் கையில் எடுத்துப் பார்த்தே சூளையில் என்ன நடந்தது என்று சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். விரிசலின் ஓரத்தில் மெருகுப்பூச்சு உருகி வழவழப்பாக உருண்டிருந்தால் அந்த விரிசல் பூச்சு உருகுவதற்கு முன்பே, அதாவது சூடேறும்போதே, விழுந்துவிட்டது. ஓரம் கத்திபோல் கூர்மையாக இருந்தால் ஆறும்போது விழுந்தது, சூளையை அவசரப்பட்டுத் திறந்திருக்கிறார்கள். அனுபவமுள்ள ஒரு தொழிலாளியிடம் இதைக் கேட்டபோது அவர் இன்னொன்றும் சொன்னார்: எப்போது உடைந்தது என்று ஓடு சொல்லும், யார் அவசரப்பட்டார் என்று ஓடு சொல்லாது, அதற்கு அன்றைக்கு யார் முறை என்று பதிவேட்டைப் பார்க்க வேண்டும். தடயவியல் பற்றி நான் படித்த பல பக்கங்களைவிட இது தெளிவாக இருந்தது.

பீங்கான் தட்டிலோ கண்ணாடியிலோ வேகமாக வரும் சிறு குண்டு துளைத்தால் நுழைந்த பக்கம் துளை சிறிதாகவும் வெளியேறிய பக்கம் புனல்போல் விரிந்தும் இருக்கும். மண்டையோட்டு எலும்பிலும் இதே விதிதான். கென்னடி கொலையில் (1963 நவம்பர் 22) பின்மண்டைத் துளையின் விளிம்பு உட்புறமாக விரிந்திருந்தது, ஆகவே குண்டு பின்னாலிருந்து வந்தது என்றார்கள் பரிசோதித்த மருத்துவர்கள். ஆனால் ஸப்ரூடர் எடுத்த துண்டுப்படத்தில் தலை பின்னோக்கிச் சாய்வதைப் பார்த்த கோடிக்கணக்கானோர், குண்டு முன்னாலிருந்து வந்தது என்று முடிவு கட்டினார்கள். எலும்பின் விளிம்பைவிடக் கண்ணால் கண்ட காட்சிக்கு வலிமை அதிகம். நாமும் 'காவல்காரன்' குரலை நம்பியவர்கள்தானே.

காந்தி கொலையில் நான்காவது குண்டு ஒன்று இருந்தது என்ற பேச்சு எழுபதாண்டுகளாக உலவுகிறது. கோட்சே சுட்டது மூன்று முறை என்பது செங்கோட்டையில் நடந்த விசாரணையின் முடிவு. 606824 என்ற எண்ணுள்ள பெரெட்டா கைத்துப்பாக்கி கைப்பற்றப்பட்டது. இரண்டு குண்டுகள் உடலைத் துளைத்து வெளியேறின, ஒன்று உள்ளே தங்கியது. 2017இல் பங்கஜ் பட்னிஸ் என்பவர், அன்றைய பத்திரிகைச் செய்திகளையும் நான்கு காயங்கள் என்ற தகவலையும் முன்வைத்து, நான்காவது குண்டையும் இரண்டாவது கொலையாளியையும் தேட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் போனார். நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட மூத்த வழக்கறிஞர் அமரேந்திர சரண் ஆவணங்களை ஆராய்ந்து, மறுவிசாரணைக்குக் காரணம் இல்லை என்றார். 2018 மார்ச்சில் மனு தள்ளுபடியானது.

இதில் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. உடலைத் துளைத்து வெளியேறும் குண்டு இரண்டு காயங்களை உண்டாக்கும். மூன்று குண்டுகளில் இரண்டு வெளியேறினால் காயங்கள் ஐந்து. காயத்தை எண்ணிவிட்டுக் குண்டை எண்ணியதாக நினைத்துக்கொண்டால் எத்தனை கொலையாளிகளை வேண்டுமானாலும் உருவாக்கலாம். இந்த நான்காவது குண்டு ஏதோ ஓய்வுநேரப் புதிர் அல்ல. அதற்கு ஒரு பயன் இருக்கிறது. வேறொருவர் சுட்ட குண்டால்தான் காந்தி இறந்தார் என்று வந்துவிட்டால் கோட்சேயின் கைத்துப்பாக்கி கொஞ்சம் லேசாகிவிடுகிறது. யாருடைய பாரம் இறங்குகிறது என்று பார்க்காமல் ஊகங்களை ரசிப்பது நம் வாசகர்களிடம் உள்ள ஒரு கெட்ட பழக்கம். துப்பறியும் கதையின் சுவை அது. வெளிப்படையான விடை இலக்கியச் சுவையற்றது என்று நமக்கு ஒரு நம்பிக்கை உண்டு. கதைக்கு அது பொருந்தலாம், பிணத்துக்குப் பொருந்தாது.

அப்படியானால் நிபுணரை நம்பிவிட்டுச் சும்மா இருக்கலாமா? அதற்கும் வழியில்லை. டெல்லியில் 1999 ஏப்ரலில் ஜெசிகா லால் சுடப்பட்டபோது துப்பாக்கி கிடைக்கவே இல்லை. கிடைத்த இரண்டு காலித் தோட்டாக்கூடுகள் இரண்டு வெவ்வேறு துப்பாக்கிகளிலிருந்து வந்தவைபோல் தெரிகின்றன என்று அரசுத் தடயவியல் நிபுணர் கருத்துச் சொன்னார். ஒரே ஆளைக் குற்றம்சாட்டிய வழக்கு அதில் ஆட்டம் கண்டது. 2006 பிப்ரவரியில் அனைவரும் விடுதலை. மக்கள் கொதித்தெழுந்த பிறகு அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது, 2010இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இங்கே அசையாத பொதுமக்கள் சந்தேகமே நியாயத்துக்கு உதவியது. அமெரிக்காவிலும் குண்டின் ஈயத்தில் உள்ள கலப்புப் பொருள்களை வைத்து இது இந்தப் பெட்டித் தோட்டா என்று எஃப்.பி.ஐ. பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் சாட்சி சொல்லிவந்தது. 2004இல் அறிவியல் அறிஞர் குழு ஒன்று அந்த முறையின் ஓட்டைகளைக் காட்டியது, 2005இல் எஃப்.பி.ஐ. அதைக் கைவிட்டது. நுண்ணோக்கியில் கீறல்களை ஒப்பிடுவதற்கே போதிய ஆய்வு அடிப்படை இன்னும் நிறுவப்படவில்லை என்று 2016இல் அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு எழுதியது. நிபுணரும் சறுக்குவார். ஆனால் அவர் சறுக்கியதைக் கண்டுபிடித்தது தேநீர்க்கடை அல்ல. அவருடைய அறிக்கை கையில் இருந்ததால், அதை வரிவரியாகப் படிக்கத் தெரிந்தவர்கள் கண்டுபிடித்தார்கள்.

இங்கேதான் ஊகத்துக்கும் கேள்விக்கும் உள்ள வேறுபாட்டை வலியுறுத்த விரும்புகிறேன். ஊகம் விடையைக் கையில் வைத்துக்கொண்டு தடயத்தைத் தேடும். கேள்வி, தடயத்தைக் காட்டு என்று கேட்கும். தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் இரண்டும் கலந்து கிடந்தன. ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துத் திரண்ட மக்கள் மீது காவல்துறை சுட்டது. அன்றும் மறுநாளுமாகப் பதின்மூன்று பேர் இறந்தார்கள். சாதாரண உடையில் வாகனத்தின் மேல் ஏறிக் குறிபார்க்கும் காவலரின் காணொளியை நாடே பார்த்தது. உடனே பேச்சு ஆயுதத்தின் பெயருக்குத் தாவியது. ஸ்னைப்பர் துப்பாக்கி என்றார்கள் சிலர், இல்லை, அது காவல்துறையின் வழக்கமான எஸ்.எல்.ஆர். என்றார்கள் மறுத்தவர்கள். துப்பாக்கிகளைப் பற்றி அதுவரை ஒரு சொல்லும் அறியாதவர்கள் குழலின் நீளம், தொலைவு, கோணம் பற்றிச் சண்டையிட்டார்கள். (நானும் அந்தச் சண்டைகளை ஓயாமல் வாசித்துக்கொண்டிருந்தேன்.) இந்தச் சண்டையால் யாருக்கு லாபம் என்று பின்னர்தான் தெளிந்தது. ஆயுதத்தின் பெயர் தவறு என்று நிரூபித்துவிட்டால் கேள்வி முழுவதுமே தவறு என்று சொல்லிவிடலாம். சுடச் சொன்னது யார், எச்சரிக்கை கொடுக்கப்பட்டதா, ஓடுகிறவரை ஏன் சுட்டார்கள் என்ற மூன்றும் ஒரு துப்பாக்கியின் பெயருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன.

அதே நாட்களில் இறந்தவர்களின் குடும்பத்தார் செய்தது வேறு. அவர்கள் ஊகம் எதையும் சொல்லவில்லை. உடலைப் புதைக்க அவசரப்படாதீர்கள் என்றார்கள். இறந்தவர்களின் உடல்களைப் பாதுகாத்து வைக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. குண்டு எந்தப் பக்கம் நுழைந்தது, எந்தப் பக்கம் வெளியேறியது என்பது உடலில்தான் எழுதப்பட்டிருக்கிறது, உடல் போய்விட்டால் எஞ்சுவது காணொளியும் வாதமும் மட்டுமே என்பது அவர்களுக்கு எந்தத் தடயவியல் நூலும் படிக்காமலே தெரிந்திருந்தது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. எச்சரிக்கையின்றிச் சுட்டதையும், கலைந்து ஓடியவர்கள் சுடப்பட்டதையும் அது பதிவு செய்தது, காவல்துறையினர் மீது நடவடிக்கை கோரியது. அறிக்கை வந்த நாளில் அதைப் பற்றி எழுதியவர்களின் எண்ணிக்கை, 2018இல் குழல் நீளத்தைப் பற்றி எழுதியவர்களின் எண்ணிக்கையில் எத்தனை பங்கு இருக்கும்? நம் சிற்றிதழ்களையும் இணையப் பக்கங்களையும் புரட்டுகிறவர்கள் அவரவரே கணக்கிட்டுக்கொள்ளட்டும். ஊகம் சூடாக இருந்தபோது எல்லோரும் நிபுணர்கள். ஆவணம் வந்தபோது அது நீளமாக இருந்தது.

என்னுடைய கோரிக்கை சிறியது. காவல்துறைச் சூட்டில் ஒருவர் இறந்தால் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் தடயவியல் அறிக்கையும் குடும்பத்தாருக்குக் கேட்காமலே கிடைக்க வேண்டும், அதுவும் தமிழில். நுழைகாயம், வெளிக்காயம், விளிம்பில் கரி உண்டு அல்லது இல்லை என்று எழுதினால் நல்லூரில் எட்டாம் வகுப்புப் படித்தவருக்கும் புரியும். இந்தியாவிலேயே முதன்முதலாக 1849இல் ரசாயனப் பரிசோதகர் அலுவலகம் அமைந்த மாகாணம் நம்முடையது; இத்தனை ஆண்டுகளில் இந்த மொழிபெயர்ப்பைச் செய்வது முடியாத காரியமாக இருந்திருக்காது. சிற்றிதழ்க்காரர்கள் இதில் உதவ முடியும். கலைச்சொல்லுக்காக நாம் போடும் சண்டைகளில் பாதியை இந்த வேலைக்குச் செலவிடலாம். தூத்துக்குடி ஆணையத்தின் அறிக்கையில் காயங்களை விவரிக்கும் பகுதிகளிலிருந்தே தொடங்கலாம். முதலில் அவற்றை யாராவது முழுமையாகப் படித்துவிட்டு ஒரு நல்ல தமிழ்ச் சுருக்கம் எழுதுங்கள். எழுதியவர் அனுப்பினால் இங்கேயே வெளியிட நண்பர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.